கால்சியம் டப்பா

“பக்கவிளைவு அது இதுன்னு எதையும் கேட்காதே. கேட்டா பயம் வரும், பயம் வந்தா மாத்திரை போடமாட்டே. கொடுக்கிறதை வாங்கி விழுங்கு.” எச்ஐவி இருப்பது புதிதாகத் தெரியவந்தவர்களிடம் பாசத்தோடு சொல்லப்படும் அறிவுரை இது. என் பெரியம்மா மகளிடமும் ஒருவர் சொன்னார். அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்பியவர் அவர். அதனாலேயே அந்த வார்த்தைகளை என்னால் ஒதுக்கவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை. அக்காவின் சிகிச்சை நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஆனாலும் அந்த அறிவுரையோடு நான் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவர் சொன்னதில் பாதி சரி. எச்ஐவி மருந்தைத் தள்ளிப்போடுவது ஆபத்து. 35 நாடுகளில் 4,685 பேரை வைத்து நடந்த ஸ்டார்ட் ஆய்வின் முடிவு 2015இல் வந்தது. எதிர்ப்புச் சக்தி இன்னும் நல்ல நிலையில் இருக்கும்போதே, அதாவது சிடி4 எண்ணிக்கை 500க்கு மேல் இருக்கும்போதே மருந்தைத் தொடங்கியவர்களுக்குக் கடும் நோயோ மரணமோ நேர்வது, 350க்கு இறங்கும்வரை காத்திருந்தவர்களைவிட 57 சதவீதம் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் சொல்லிவருவதும் அதைத்தான்: நோய் உறுதியான ஏழு நாட்களுக்குள் தொடங்குங்கள், நோயாளி தயாராக இருந்தால் அன்றைக்கே தொடங்குங்கள். பயந்துபோய் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்துவிடுவதற்கு மருந்தின் எந்தப் பக்கவிளைவும் நியாயமான காரணமல்ல. இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

சரியில்லாத பாதி எதுவென்றால், கேள்வியையும் பயத்தையும் அவர் ஒன்றாக்கிவிட்டார். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்துப் படித்தால் பயம் வருவது உண்மைதான். லேசான குமட்டலும் கல்லீரல் செயலிழப்பும் அதில் ஒரே எழுத்தளவில் அடுத்தடுத்து நிற்கின்றன. எது நூறில் பலருக்கு வந்து இரண்டு வாரத்தில் போய்விடும், எது அரிதாக வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வைக்கும் என்று அந்தத் தாள் நமக்குப் புரியும்படி பிரித்துக் காட்டுவதில்லை. பிரித்துக் காட்ட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு நம்மைப் பற்றித் தெரிய வேண்டும். தெரிவதற்கு அவர் கேட்க வேண்டும், நாம் சொல்ல வேண்டும். முதல் மாத்திரைக்கு முந்தைய பாதுகாப்பு என்பது பெரும்பாலும் இந்தப் பேச்சுதான்.

தலைவலி இருக்கிறதா?

அக்காவை முதலில் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி எனக்கு விநோதமாக இருந்தது. “தலைவலி இருக்கா? கழுத்து விறைப்பு? இருமல் எத்தனை நாளா? ராத்திரி வேர்க்குதா? எடை குறைஞ்சிருக்கா?” மருந்தைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. இதெல்லாம் எச்ஐவிக்கான அறிகுறி விசாரணை என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அவர் மருந்தை இன்று கொடுக்கலாமா, நிறுத்திவைக்க வேண்டுமா என்று முடிவெடுத்துக்கொண்டிருந்தார்.

எதிர்ப்புச் சக்தி மிகவும் சரிந்துபோனவர்களின் உடலில் வேறு கிருமிகள் சத்தமில்லாமல் தங்கியிருக்கலாம். எச்ஐவி மருந்தால் எதிர்ப்புச் சக்தி திடீரென்று எழும்போது அது அந்தக் கிருமிகள் மேல் பாய்கிறது. பாயும் இடம் நுரையீரலாக இருந்தால் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக ஒருவாறு சமாளிக்கலாம். மூளை உறையாக இருந்தால் வீக்கத்துக்கு அங்கே இடமே இல்லை. கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சையால் மூளைக்காய்ச்சல் வந்தவர்களை வைத்து உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. அதில் எச்ஐவி மருந்தை ஓரிரு வாரங்களிலேயே தொடங்கியவர்களில் 26 வாரங்களுக்குள் 45 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். சுமார் ஐந்து வாரம் பொறுத்துத் தொடங்கியவர்களில் 30 சதவீதம். ஒரே மருந்து, ஒரே மாதிரியான நோயாளிகள், தொடங்கிய நேரம் மட்டுமே வேறு. அந்த எண்களைப் படித்த அன்றைக்குத்தான் “தலைவலி இருக்கா” என்ற கேள்வியின் கனம் எனக்குப் புரிந்தது. விறுவிறுவென்று ஆரம்பிக்க வேண்டிய மருந்தைச் சிலருக்கு மட்டும் சில வாரம் நிறுத்திவைக்க வேண்டும். அந்தச் சிலர் யாரென்று வாய்விட்டுக் கேட்காமல் கண்டுபிடிக்க முடியாது.

அக்காவுக்கு அப்படி எதுவும் இல்லை. ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், கல்லீரல் நொதிகள், ஹீமோகுளோபின், சர்க்கரை, சிடி4, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று சொல்லும் வைரல் லோட், ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிறுநீரில் புரதம். இத்தனை எதற்கு என்று அவள் முணுமுணுத்தாள். எனக்கும் அப்போது பதில் தெரியாது. பிறகு தேடிப் படித்ததில், இரண்டு பரிசோதனைகள் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டன.

ஒன்று ஹெபடைடிஸ் பி. டெனோஃபோவிர், லாமிவுடின், எம்ட்ரிசிடபின் ஆகிய மருந்துகள் எச்ஐவியை மட்டுமல்ல, ஹெபடைடிஸ் பி வைரஸையும் அடக்குகின்றன. கேட்பதற்கு இது நல்ல செய்தி. ஆனால் தனக்கு ஹெபடைடிஸ் பி இருப்பதே தெரியாத ஒருவர் ஒரு நாள் இந்த மாத்திரையைத் தானாக நிறுத்தினாலோ, இவை இல்லாத வேறு கூட்டு மருந்துக்கு மாற்றப்பட்டாலோ, அடங்கிக் கிடந்த வைரஸ் கிளம்பிக் கல்லீரலைத் தாக்கும். சிலருக்கு உயிரையே எடுக்கும் அளவுக்கு. லாமிவுடின் மட்டுமே ஹெபடைடிஸ் பிக்குப் போதாது, அந்த வைரஸ் அதற்குப் பழகிக்கொள்ளும் என்பதால், டோலுடெக்ராவிரும் லாமிவுடினும் மட்டும் சேர்ந்த இரு மருந்து மாத்திரை அவர்களுக்குச் சரிவராது. அந்த ஒரு பரிசோதனை முடிவு கையில் இல்லாவிட்டால் எந்தக் கூட்டு மருந்து, எதை எப்போதும் நிறுத்தக்கூடாது என்பது எதுவுமே தெரியாது. இல்லையென்று வந்தால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். அக்கா போட்டுக்கொண்டாள்.

இன்னொன்று அபாகவிர் என்ற மருந்துக்கான மரபணுப் பரிசோதனை. அக்காவுக்கு அந்த மருந்து தரப்படவில்லை, அதனால் பரிசோதனையும் இல்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. அபாகவிர் எடுத்தவர்களில் சுமார் 5 முதல் 8 சதவீதம் பேருக்கு முதல் ஆறு வாரங்களுக்குள் காய்ச்சல், தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் என்று கடுமையான ஒவ்வாமை வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வேளை மாத்திரைக்கும் கூடிக்கொண்டே போகும். நிறுத்தினால் தணியும். தணிந்துவிட்டதே என்று மறுபடி ஒரு மாத்திரை போட்டால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம். எச்எல்ஏ-பி*5701 என்ற மரபணு வகை இருப்பவர்களுக்குத்தான் இது வருகிறது என்று 2002இல் தெரியவந்தது. 19 நாடுகளில் 1,956 பேரை வைத்து நடந்த பிரெடிக்ட்-1 ஆய்வு 2008இல் அதை உறுதிசெய்தது: முன்கூட்டியே பரிசோதித்து அந்த மரபணு இருப்பவர்களை விலக்கிய குழுவில், தோல் சோதனையால் உறுதியான ஒவ்வாமை ஒருவருக்குக்கூட வரவில்லை. பரிசோதிக்காத குழுவில் 2.7 சதவீதம். ஒரு முறை எடுக்கும் ரத்தத்தால் ஒரு ஆபத்தை இவ்வளவு முழுமையாகத் துடைத்தெறிந்த இடங்கள் மருத்துவத்தில் அதிகம் இல்லை. அபாகவிர் ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்தப் பெயரை வாழ்நாள் முழுக்க நினைவில் வைத்திருக்க வேண்டும். பெட்டியின் மேலிருக்கும் வணிகப் பெயரை அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை. ஏனென்றால் வேறொரு பெட்டியில், வேறு மருந்துகளோடு சேர்ந்து, வேறு பெயரில் அதே அபாகவிர் இருக்கக்கூடும்.

எங்கே வைப்பீர்கள்?

மாத்திரையைக் கையில் கொடுப்பதற்கு முன் ஒரு கவுன்சலர் அக்காவோடு உட்கார்ந்தார். வயதில் சின்னவர். அக்கா ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அலர்ஜி இல்லை, குடிப்பழக்கம் இல்லை, வேறு மருந்து சுகருக்கு மட்டும். எல்லாம் முடிந்தது என்று நான் பையை எடுத்தேன். அப்போது அந்தப் பெண் கேட்டார்: “இந்த மாத்திரையை வீட்ல எங்க வைப்பீங்கக்கா?”

அக்கா தயங்கவே இல்லை. முன்பே யோசித்து வைத்திருந்தாள் போல. “கால்சியம் மாத்திரை டப்பா ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள போட்டு வச்சிடுவேன். காலைல எழுந்ததும் வெறும் வயித்துல கால்சியம் போடறப்ப இதையும் சேர்த்துப் போட்டுடுவேன். யாருக்கும் எதுவும் தெரியாது.”

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார். “கால்சியம் சாப்பிடறதை நீங்க சொல்லவே இல்லையே அக்கா?”

“அது மருந்தில்லையேம்மா. சத்து மாத்திரைதானே.”

நான் திரும்பத் திரும்ப நினைத்துப்பார்ப்பது இந்த இரண்டு நிமிடத்தைத்தான். அக்காவுக்குக் கொடுக்கப்பட்டது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த, தினம் ஒன்று போடும் மாத்திரை. இதில் டோலுடெக்ராவிர் வேலை செய்யும் விதம் தெரிந்தால் அந்தப் பெண் ஏன் பேனாவைக் கீழே வைத்தார் என்பது புரியும். எச்ஐவி தன் மரபணுவை நம் செல்லின் மரபணுவுக்குள் செருகுவதற்கு இன்டெக்ரேஸ் என்ற நொதியைப் பயன்படுத்துகிறது. அந்த நொதியின் மையத்தில் மெக்னீசியம் அயனிகள் இருக்கின்றன. டோலுடெக்ராவிர் போய் அந்த உலோக அயனிகளைப் பிடித்துக்கொண்டு நொதியை முடக்குகிறது. உலோகத்தைப் பிடிக்கும் இந்தக் குணம்தான் அதன் பலம். அதே குணத்தால் வயிற்றில் கால்சியமோ இரும்போ அலுமினியமோ கண்ணில் பட்டால் அங்கேயே அவற்றைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேராமல் வெளியே போய்விடும். வெறும் வயிற்றில் கால்சியத்தோடு சேர்த்துப் போட்டால் ரத்தத்தில் சேரும் அளவு சுமார் 39 சதவீதம் குறைகிறது. இரும்புச் சத்து மாத்திரையோடு சுமார் 54 சதவீதம். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம், மெக்னீசியம் கலந்த மருந்தோடு சேர்த்தால் 74 சதவீதம். இது ஒரு நாள் தவறு என்றால் பெரிதில்லை. தினமும் காலையில், வருடக்கணக்கில், ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை போட்டும் வைரஸ் அடங்காமல் போகிறது என்றால், நோயாளி ஒழுங்காகப் போடவில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவளும் நம்பிவிடுவாள்.

தீர்வு ஒன்றும் கடினமானதில்லை. சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் கால்சியமும் இரும்பும் டோலுடெக்ராவிரைக் குறைப்பதில்லை. வெறும் வயிறு என்றால் டோலுடெக்ராவிரை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ போட வேண்டும். அமில முறிவு மருந்துகளுக்குச் சாப்பாடும் கைகொடுக்காது, அந்த இடைவெளி கட்டாயம். அந்தப் பெண் இதையெல்லாம் சொல்லிவிட்டு டப்பா விஷயத்துக்கும் வந்தார். மாத்திரை அதன் சொந்த டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் பொட்டலத்தோடு இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், கால்சியம் என்று எழுதியிருக்கும் டப்பாவிலிருந்து மூட்டு வலிக்கிறது என்று வீட்டில் வேறு யாராவது ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டால்? அக்கா அதுவரை அப்படி யோசித்திருக்கவில்லை. முகம் வெளிறிவிட்டது.

இந்தக் கேள்வி எந்தப் பக்கவிளைவுப் பட்டியலிலும் இல்லை. ஆனால் அன்று அக்காவின் சிகிச்சையைக் காப்பாற்றியது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவளுக்கு ஆபத்தாக வந்தது மருந்தின் நஞ்சு அல்ல. யாருக்கும் தெரியக்கூடாது என்ற தவிப்பு. அந்தத் தவிப்பு அவள் உண்டாக்கியதும் அல்ல, சுற்றியிருக்கும் நாம் எல்லோரும் சேர்ந்து அவள் தலையில் ஏற்றியது.

மறைத்த இடத்தில் மோதும் மருந்துகள்

சுகர் மாத்திரை விஷயமும் அப்படித்தான் வெளியே வந்தது. அக்கா ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் மெட்ஃபார்மின் எடுத்துக்கொண்டிருந்தாள். மெட்ஃபார்மினும் கிரியேட்டினினும் சிறுநீரகத்தில் ஒரே கதவு வழியாக வெளியேறுகின்றன. டோலுடெக்ராவிர் அந்தக் கதவைப் பாதி சாத்திவிடுகிறது. அதனால் ரத்தத்தில் மெட்ஃபார்மின் ஏறுகிறது, ஏறத்தாழ 79 சதவீதம் வரை. சேர்த்து எடுக்கும்போது பொதுவாக நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அதே காரணத்தால் முதல் சில வாரங்களில் கிரியேட்டினின் கொஞ்சம் உயரும், சிறுநீரகம் பழுதாகாமலேயே. டெனோஃபோவிரோ உண்மையிலேயே சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. இரண்டும் ஒரே மாத்திரையில் இருக்கும்போது பின்னால் உயர்ந்த எண்ணைப் பார்த்து இது வெறும் கதவு விவகாரமா, நிஜமான சேதமா என்று எப்படிச் சொல்வது? தொடங்கும் முன் எடுத்த அளவும் சிறுநீர்ப் பரிசோதனையும் இருந்தால்தான் சொல்ல முடியும். அக்கா முணுமுணுத்த அந்த ரத்தப் பரிசோதனைக்கு இதுதான் பதில்.

ஆனால் சுகர் டாக்டர் வேறு ஒருவர். அவரிடம் எச்ஐவி பற்றிச் சொல்லியிருக்கவில்லை, சொல்லவும் மாட்டேன் என்றாள். மெட்ஃபார்மினைக் குறைக்க வேண்டியவர் அவர். எதற்குக் குறைக்க வேண்டும் என்று தெரியாதவரும் அவர்தான்.

இப்படி ஒரு டாக்டருக்குத் தெரியாமல் இன்னொரு டாக்டரிடம் மருந்து வாங்குபவர்கள் நிறையப் பேர். ரிடோனாவிர் அல்லது கோபிசிஸ்டாட் சேர்ந்த எச்ஐவி மருந்து எடுக்கும் ஒருவர், மூக்கடைப்புக்கு ஃப்ளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு ஸ்பிரே வாங்கி அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூக்கில் அடிப்பதை யார் மருந்துக் கணக்கில் சேர்ப்பார்கள்? ரிடோனாவிர் கல்லீரலில் அந்த ஸ்டீராய்டு கரைவதைத் தடுப்பதால் அது உடம்பெங்கும் சேர்ந்து முகம் ஊதி, சுகர் ஏறி, உடலின் சொந்த ஸ்டீராய்டு சுரப்பே நின்றுபோகலாம். பெக்லோமெத்தசோன் ஸ்பிரே என்றால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஆனால் மாற்றித் தர டாக்டருக்கு விஷயம் தெரிய வேண்டும். கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டினும் இதே ரிடோனாவிரோடு சேர்ந்தால் தசையைச் சிதைக்கும். மன அழுத்தத்துக்கு மூலிகை என்று விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் பல எச்ஐவி மருந்துகளின் அளவை ரத்தத்தில் சரித்துவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் அப்படியே, ஆனால் அதற்கு வழி இருக்கிறது: டோலுடெக்ராவிரை ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளையாகக் கொடுப்பார்கள், ரிஃபாம்பிசின் முடிந்த பிறகும் இரண்டு வாரம். லிவர்பூல் பல்கலைக்கழகம் எச்ஐவி மருந்துகளோடு எது மோதும் எது மோதாது என்று பார்க்க இலவசமாக ஒரு தேடுபொறி வைத்திருக்கிறது. நோயாளியும் திறந்து பார்க்கலாம். அதில் தேடுவதற்கும் முதலில் நாம் விழுங்குவது, பூசுவது, மூக்கில் அடிப்பது எல்லாவற்றின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி கேட்பது நோயாளியின் வேலையல்ல என்று நினைப்பவர்களுக்கு 2018இல் நடந்ததைச் சொல்ல ஆசைப்படுகிறேன். போட்ஸ்வானாவில் நடந்துகொண்டிருந்த ஒரு கண்காணிப்பு ஆய்வில், டோலுடெக்ராவிர் எடுத்துக்கொண்டே கருவுற்ற 426 பெண்களில் நால்வரின் குழந்தைகளுக்கு, மூளையோ தண்டுவடமோ சரியாக உருவாகாத நரம்புக்குழாய்க் குறைபாடு இருந்தது. பல இடங்களில் பெண்களுக்கு மட்டும் அந்த மருந்தை நிறுத்திவைத்தார்கள். அந்த ஜூலையில் எச்ஐவியோடு வாழும் ஆப்பிரிக்கப் பெண்கள் கிகாலியில் கூடி, ஆபத்தைப் பற்றிய உண்மையை எங்களிடம் சொல்லுங்கள், முடிவை எங்களிடம் விடுங்கள் என்று கேட்டார்கள். குழந்தை பெறுவதற்காக மட்டுமே பெண்ணுடல் இருப்பதுபோல் நடத்தாதீர்கள் என்ற கோபம் அதில் இருந்தது, நியாயமான கோபம். ஆய்வில் மேலும் பெண்கள் சேரச் சேர அந்த விகிதம் இறங்கியது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் கருவுறக்கூடிய பெண்கள் உட்பட அனைவருக்கும் டோலுடெக்ராவிரையே பரிந்துரைத்தது. இப்போது மற்ற மருந்துகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு இல்லை. கருவுற எண்ணம் உண்டா என்ற கேள்வி இன்றும் கேட்கப்பட வேண்டியதுதான், அதற்கான பதிலை வைத்து ஒரு பெண்ணுக்கு நல்ல மருந்தை மறுப்பதற்காக அல்ல.

சுகர் டாக்டரிடம் அக்கா கடைசியில் சொன்னாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எச்ஐவி டாக்டரே கடிதம் எழுதித் தரட்டுமா, அல்லது அவரே மெட்ஃபார்மினைப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று வழிகள் கொடுத்தார்கள். சில வாரம் யோசித்துவிட்டு அவளாகவே வாயைத் திறந்தாள். அவர் முகம் சுளிக்கவில்லை, மாத்திரை அளவைக் குறைத்து எழுதினார், சர்க்கரைக்கு வேறொன்றைச் சேர்த்தார். வைரல் லோட் இப்போது கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது.

போன முறை அவளோடு போனபோது ஊசி பற்றிப் பேச்சு வந்தது. கபோடெக்ராவிர், ரில்பிவிரின் இரண்டையும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இடுப்பில் போட்டால் தினம் மாத்திரை வேண்டாம், ஒளித்து வைக்கவும் ஒன்றும் இருக்காது. அவள் கண்ணில் ஆசை தெரிந்தது. ஆனால் முதலில் கேட்டாள்: ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வெளியே எடுக்க முடியுமா? முடியாது, ஒரு வருடமோ அதற்கு மேலோ கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் இருந்துகொண்டே இருக்கும் என்றார் டாக்டர். ஊசிக்கு ஒரு முறை வராமல் போய்விட்டால்? வைரஸ் அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ள இடம் கொடுத்ததாகிவிடும். ஹெபடைடிஸ் பியை அது தடுக்குமா? தடுக்காது, உங்களுக்குத் தடுப்பூசி வேலை செய்ததா என்று மறுபடி பார்க்கிறேன். டாக்டர் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு வந்த பிறகு சொல்கிறேன் என்று அக்கா சீட்டை வாங்கிக்கொண்டாள்.